துணியில் நின்ற நீலம்

மனிதன் விட்ட மூச்சு எங்கே போய்ச் சேருகிறது என்பதை அதுவரை எவரும் கண்டதில்லை. தூபத்தின் புகையேனும் சிறிது நேரம் கண்ணுக்குத் தெரியும், மூச்சு அப்படியன்று. இதழைக் கடந்த அக்கணமே காற்றாகிப் பெயரிழந்துவிடும். விட்டவர் இன்னார், ஏற்றவர் இன்னார் என்று காற்று ஒருநாளும் சொன்னதில்லை. மூச்சுக்காய்ச்சல் உலகைச் சூழ்ந்த மூன்றாம் ஆண்டில், காற்றின் அந்தப் பெருந்தன்மையை ஒரு துணி முடித்துவைத்தது.

அரசு அதற்கு இட்ட பெயர் சாட்சிக்கவசம். வடகடலோரத்து வெண்மணற்றுறை மக்கள் இட்ட பெயர் காட்டிக்குடுப்பான்.

ஊரில் எல்லாரும் அதை வெறுத்தார்கள். எல்லாரினும் மிகுதியாக வெறுத்தவர் சிற்றம்பலம். இது வியப்புக்குரியது. ஏனெனில், நாள்தோறும் தம் வாயைத் துணியால் மூடுபவர் அவ்வூரில் அவர் ஒருவரே. அவர் வேலவன் கோயிற் பூசகர். அவருடைய குலத்து முன்னவன் ஒருவன், தன் வலையில் கடல் தந்த வேல் ஒன்றைக் கரையில் நட்டு, மந்திரம் அறியாத தன் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, பேசாமல் பூ வைத்தான். அன்றுதொட்டு அங்கே பூசை அப்படித்தான். மனித மூச்சு வேலின்மேல் படலாகாது. நாவை அடக்கி நெஞ்சால் மட்டுமே போற்றவேண்டும். பூசை முடிந்ததும் திருமுன்னுக்கு முதுகு காட்டாமல், பின்னோக்கியே நடந்து வெளியேறவேண்டும். ஐம்பத்தாறு வயதில், அந்தப் பின்நடைக்குச் சிற்றம்பலத்தின் கால்களுக்குக் கண்ணின் துணை வேண்டியிருக்கவில்லை.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் மாலை, சுகாதாரப் பணிமனை மருத்துவர் கேதாரகௌரி கோயில் மடத்துக்கு வந்தார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். நாள் முழுதும் நோயாளர் நடுவே நின்ற களைப்பு கண்களில் தெரிந்தது. மற்ற முகமெல்லாம் கவசத்தின் பின்னே இருந்தது.

“முகத்தைக் காட்டிக் கதையுங்கோ பிள்ளை,” என்றார் சிற்றம்பலம். “மூடின முகத்தோட வந்த ஆரும் இந்த ஊருக்கு நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை.”

மருத்துவர் தயங்கினார். கேட்க வந்ததோ பெரிய உதவி; தாம் நிற்பதோ விரதம் ஏற்கப்போகும் ஒருவரின் முன்னிலை. முன்னே ஒரு தம்ளரில் தேநீர் வேறு ஆவி பறக்க வைக்கப்பட்டிருந்தது. அவர் காதுப்பக்கத்து நாடாவை மெல்லக் கழற்றினார்.

“இப்ப சரியோ ஐயா?”

“இப்பதான் ஒரு ஆளோட கதைக்கிறமாதிரி இருக்குது. குடியுங்கோ, ஆறப்போகுது.”

சன்னலுக்கு வெளியே முற்றத்தில், கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் மணியகாரர் கதிர்காமத்தம்பி தென்னோலையில் தோரணம் பின்னிக்கொண்டிருந்தார். அவருடைய கைகள் ஓலையில் இருந்தன. காதுகள் உள்ளே இருந்தன.

“ஐயா, இதில ரெண்டு படை இருக்குது,” என்று மருத்துவர் கவசத்தை விரித்துக் காட்டினார். “போட்டிருக்கிற ஆளின்ர மூச்சில கிருமி இருந்தால் உள்படை நீலமாகும். வெளியில இருந்து வந்து முட்டினால் வெளிப்படை சிவக்கும். பிறகு எங்கட மெஷினில வைச்சால் கிருமி வந்த வழி தெரியும். ஆரிட்ட இருந்து ஆருக்கு எண்டு.”

“அதுதானே வில்லங்கம்!” என்றது சன்னல். “பக்கத்து ஊரில ஒரு கலியாணம் நிண்டுபோச்சு டொக்டர். மாப்பிள்ளையின்ர மூச்சு மாமனாரின்ர துணியில சிவந்து கிடந்ததாம். ஒரே வள்ளத்தில முப்பது வருசம் தொழிலுக்குப் போன ரெண்டு பேர் இப்ப வேலிக்கு மேலால மண் எறியினம். சும்மா காய்ச்சல் வந்தால் விதி எண்டு படுத்துக் கிடக்கலாம். இதைப் போட்டால் வழக்கெல்லோ வருது!”

“மணியம், ஓலையைப் பாரும்,” என்றார் சிற்றம்பலம்.

“பாக்கிறன் ஐயா. ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுப் பாக்கிறன். எங்கட அப்பு காலத்தில முகத்தை மூடிக்கொண்டு வந்து, தலையாட்டி, ஆக்களைக் காட்டிக்குடுத்தவங்கள். இப்ப முகத்தை மூடுற துணியே தலையாட்டுது. சனம் போடுமோ? ஊரில போடுறது தவமலர் ரீச்சர் ஒருத்திதான். தம்பி குடுத்த சிறுநீரகத்தோட இருக்கிறா, பாவம், அவவுக்கு வேற வழியில்லை. பிள்ளையள் அவவுக்கு வைச்ச பேர் பொலிஸ் ரீச்சர்.”

மருத்துவர் சிரிக்கவில்லை. “ரீச்சருக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் மூண்டு நாள்கூடத் தாங்காது,” என்றார் தாழ்ந்த குரலில். “உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளாமல் இருக்க மருந்து எடுக்கிறா. அந்த மருந்து உடம்பின்ர காவலைக் குறைச்சுப்போடும். அவ தன்ர முகத்தை மூடினால் மட்டும் காணாது ஐயா. மற்றவையும் மூடவேணும். ஒருத்தரும் போடாட்டித் திருவிழாவை நிப்பாட்டச் சொல்லி மேலிடத்தில இருந்து எழுதிப்போட்டினம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சனம் கேக்கும்.”

சொல்லப்போவதைத் தமக்குள் நிறுத்துப் பார்த்தபின் சிற்றம்பலம் சொன்னார்: 

“பிள்ளை, நான் வாய் கட்டுறது வேலனுக்கு முன்னால. அவருக்கு மட்டும். மனிசருக்கு முன்னாலயும் கட்டினால், ஒண்டில் மனிசரைத் தெய்வம் எண்டு சொல்லவேணும், இல்லாட்டித் தெய்வத்தை மனிசர் எண்டு சொல்லவேணும். ரெண்டும் என்ர வாயால வராது.”

“அப்ப, வேலனுக்கு முன்னால கட்டுற துணியிலயாவது இந்தப் படையை வைச்சுத் தைச்சுத் தாறன். ஒன்பது நாளுக்கு ஒன்பது துணி. ஒவ்வொரு நாளும் பொழுதுபட அதை எங்களுக்கு அனுப்பிவையுங்கோ. வெள்ளையா இருந்தால் அடுத்த நாள் திருவிழா நடக்கட்டும். நான் மேலிடத்தோட கதைக்கிறன்.”

துணி வெள்ளையாகத்தானே இருக்கப்போகிறது என்ற உறுதியில் சிற்றம்பலம் தலையசைத்தார். மருத்துவர் தேநீரைக் குடித்து முடித்தார். நன்றி சொல்லிக் கைகூப்பினார். வாசலைக் கடந்த பின்னரே கவசத்தை மீண்டும் அணிந்தார்.

அன்று பொழுது சாயும் வேளையில் சிற்றம்பலத்தின் மணிக்கட்டில் காப்பு நூல் கட்டப்பட்டது. காப்புக் கட்டியபின் ஒன்பது நாளும் பூசகர் பேசலாகாது. மடத்தின் தனியறையில் தனியே உண்டு, தனியே உறங்கி, வாய் கட்டிய கோலத்தில் மட்டுமே அடியார் முன் தோன்றவேண்டும். ஒன்பதாம் நாள் நண்பகலில்தான் கட்டு அவிழும். அவிழ்த்த வாயோடு அவர் வெளியே வந்து, தம் கையால் ஒவ்வொருவர்க்கும் ஒரு கவளம் திருவமுது இட்டு, ஒவ்வொருவர் முகத்தருகிலும் குனிந்து, “பசியாறினியளோ?” என்று கேட்பார். ஒன்பது நாள் அடக்கிய வாயின் முதற்சொல் அது. அந்தச் சொல்லை ஏற்கவே கடல் கடந்து போனவர்களும் திரும்பி வருவார்கள். முதற்கவளம் பிணி நீங்க நேர்ந்தவர்க்கு உரியது. இவ்வாண்டு அதைப் பெறவிருந்தவர் தவமலர்.

திருவிழா தொடங்கியது. கடற்காற்றில் கொடி படபடத்தது. சிற்றம்பலம் புதிய துணியை முகத்தில் வைத்துப் பிடரியில் முடிந்துகொண்டு, வேலுக்கு நீராட்டிப் பூச்சூட்டித் தீபம் காட்டினார். பிறகு வாசலில் நின்று, வரிசையில் வந்தோர் நெற்றியில் திருநீறு இட்டார். நானூறு நெற்றிகள் இருந்திருக்கும். ஒவ்வொரு நெற்றியும் அவர் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் வந்து தாழ்ந்தது. தவமலர் நாள்தோறும் வந்தார். வரிசையில் கவசம் அணிந்திருந்தவர் அவர் ஒருவரே.

துணியைப் பெற்றுப்போக மருத்துவர் வரவில்லை. சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்தார். அவர் வருமுன், சிற்றம்பலம் என்றும் செய்வதைச் செய்தார். வேலின் முன் கட்டிய துணியை வேறொருவர் கை தொடுமுன் பூசகரே கடல்நீரில் அலசவேண்டும் என்பது அக்கோயில் முறை. அந்தி மங்கலில், உட்புறத்தைப் பாராமலே அலசினார்; பிழிந்தார்; கடற்காற்றில் உலர்த்தினார்; நான்காய் மடித்து வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். கழுவலாகாது என்று மருத்துவர் சொல்லவில்லை. முகக்கவசத்தைக் கழுவிய பின்னரா ஒருவர் பரிசோதனைக்குத் தருவார்? கழுவலாமா என்று சிற்றம்பலமும் கேட்கவில்லை. வாய்கட்டிய துணியைக் கழுவாமலா ஒருவர் பிறர் கையில் கொடுப்பார்? இருவருக்கும் அவரவர் வழக்கம் மூச்சைப்போல இயல்பானதாய் இருந்தது. ஆதலால் அதைச் சொல்லவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

துணி வெள்ளை என்று முதல்நாள் செய்தி வந்தது. இரண்டாம் நாளும் வெள்ளை. மூன்றாம் நாள் பரிசோதகர், பூசகரின் துணி தூயது என்று கோயில் வாசலிலேயே ஓர் அறிவித்தல் ஒட்டிவிட்டார். அதன்பின் கேட்கவேண்டுமா?

“பாத்தியளோ!” என்று கதிர்காமத்தம்பி வருவோர்க்கெல்லாம் கைகாட்டினார். “மெஷினே சொல்லிப்போட்டுது. இந்த வாசலுக்குள்ள காய்ச்சல் கால்வைக்காது. காட்டிக்குடுப்பானைக் கழட்டிக் கடலில எறிஞ்சுபோட்டு உள்ளுக்கு வாங்கோ!”

கூட்டம் இருமடங்காயிற்று. அயலூரிலிருந்து அஞ்சி அஞ்சிக் கவசத்தோடு வந்தவர்களும் அதைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார்கள். தனியறையின் சுவரூடே அந்த ஆரவாரத்தைக் கேட்ட சிற்றம்பலத்தின் நெஞ்சம் குளிர்ந்தது. தம் துணியின் வெண்மையை அவர் வேலவனின் சான்றாகவே எண்ணினார்.

ஒன்பதாம் நாள் வந்தது. கடலில் தீர்த்தமாடி வேல் திருமுன் மீண்டது. நண்பகற் பூசை முடிந்தது. அன்று அணிந்த துணிக்கு மட்டும் வேறு முறை உண்டு. அது கடலுக்குப் போவதில்லை. பூசகர் திரைக்குள் நின்று அதை அவிழ்த்து வேலின் அடியில் வைக்கவேண்டும். மாலையில் கற்பூரத்தோடு அது எரியும். சிற்றம்பலம் பிடரியில் கைவைத்து முடிச்சை நெகிழ்த்தார். ஒன்பது நாளுக்குப்பின் அவர் இதழ்மேல் காற்றுப் பட்டது. துணியை இரு கைகளிலும் ஏந்தி, வேலின் அடியில் வைக்கக் குனிந்தார்.

தீபத்தின் ஒளி துணியின் உட்புறத்தில் விழுந்தது. அது நீலமாக இருந்தது.

வெளிறிய நீலமன்று. மழைக்கு முந்திய கடல்போல், மயிலின் கழுத்துப்போல், தம் வாய் பட்ட இடமெங்கும் ஊறிப் பரந்த நீலம். சிற்றம்பலத்தின் எண்ணம் முதலில் சென்றது நோயை நோக்கியன்று. வேலனின் தந்தையை நினைத்தார். உலகை எரிக்க எழுந்த நஞ்சை வாங்கி, உள்ளே இறக்காமலும் வெளியே உமிழாமலும் கண்டத்திலேயே நிறுத்திக்கொண்டவனின் நிறமல்லவா இது? அடுத்த நொடியில்தான் மருத்துவர் விரித்துக் காட்டிய கவசம் நினைவில் வந்தது. ‘போட்டிருக்கிற ஆளின்ர மூச்சில கிருமி இருந்தால் உள்படை நீலமாகும்.’

உடம்பில் ஒரு வெப்பமில்லை, இருமலில்லை, பசிக்குக் குறைவில்லை. ஆயினும் நஞ்சு தம்மிடம் இருந்தது. அப்படியானால் அந்த எட்டு வெள்ளைத் துணிகள்? அவருடைய கைகளுக்குக் கடலின் உப்பும் பிழிந்த ஈரமும் நினைவு வந்தன. எட்டு நாளும் தம் கையாலேயே சாட்சியைக் கழுவிவிட்டிருந்தார். அந்த வெண்மையை நம்பி ஊர் முகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

திரைக்கு வெளியே மணி ஒலித்தது. வரிசையின் தலையில் தவமலர் தொன்னையோடு நிற்பார். ஏந்தியவரின் முகத்தருகே குனிந்து கேட்கவேண்டிய அந்த ஒரு சொல் சிற்றம்பலத்தின் நாவில் வந்து காத்திருந்தது.

வேலின் அடியில் பூக்கள் மலையாய்க் குவிந்திருந்தன. துணியை அங்கே வைத்து மேலே இரண்டு பிடி பூவை இட்டால் எவர் கண்ணும் படாது. மாலையில் அது எரிந்துவிடும். வாயை மறுபடி கட்டிக்கொண்டு வெளியே போனால்? ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் நாற்பத்தொரு நாள் அவர் திருமுன் நிற்க முடியாது. நோயுற்ற உடம்போடு திருவிழாவில் நின்ற பூசகனை மறுபடி அழைப்பதா, விடுவதா என்பது ஊர் கூடி முடிவு செய்யவேண்டியது. முன்னர் அப்படி வெளியேறிய எவரும் மீண்டு வந்ததாக அவர் குலத்தில் பேச்சில்லை. பத்தொன்பது வயதில் முதல் பூ வைத்த கைகள் அவை. வேறு எந்த வேலையும் அவற்றுக்குத் தெரியாது.

அவர் நிமிர்ந்து, எதிரே நின்ற வேலைப் பார்த்தார். வேல் ஒன்றும் சொல்லவில்லை, என்றும் சொன்னதுமில்லை. ஆனால் இத்தனை ஆண்டு அதன் முன் எதற்காக வாய் கட்டினோம் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. தம் மூச்சு படலாகாத ஒன்று எதிரே இருக்கிறது என்பதற்காக. அவ்வளவுதான். அப்படி ஒன்று இப்போது திரைக்கு வெளியேயும் தொன்னை ஏந்தி நின்றது.

நீலம் நின்ற அதே துணியை மீண்டும் முகத்தில் வைத்து இறுகக் கட்டினார். பின்னோக்கி நடந்து திரையை நீக்கி வெளியே வந்து, மக்களை நோக்கித் திரும்பினார்.

வாய் கட்டிய பூசகரை அமுது வேளையில் எவரும் கண்டதில்லை. ஆரவாரம் அலையிறங்குவதுபோல் இறங்கியது. அடுத்து நிகழ்ந்ததும் எவரும் காணாதது. கட்டிய வாயோடு அவர் பேசினார்.

“கிட்ட வராதேங்கோ. ரீச்சர், நீங்கள் பின்னால போங்கோ.” துணியூடே வந்த குரல் கனத்திருந்தது. “எனக்குக் காய்ச்சல் இருக்குது. துணி நீலமாப் போச்சு. இண்டைக்கு மட்டுமில்லை, எத்தினை நாளாவோ தெரியாது. மற்றத் துணியளைக் கழுவித்தான் குடுத்தனான். அதுதான் வெள்ளையாக் கிடந்தது. தூய்மை எண்டு ஒட்டியிருக்கிறது பொய். வேலன் பொய் சொல்லேல்ல. நான்தான் தெரியாமல் சொல்லிப்போட்டன்.”

கதிர்காமத்தம்பி ஓடிவந்தார். “ஐயா! சனத்துக்கு முன்னால என்ன கதை இது? வாயை மூடுங்கோ!”

“அவர் மூடித்தான் நிக்கிறார்,” என்றது கூட்டத்தில் ஒரு பெண்குரல். “நீர் மூடும் காணும்!”

எவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. “எட்டு நாளும் எங்கட நெத்தியில கை வைச்சாரே!” என்று ஒருவர் கத்தினார். “பிள்ளையளைத் தூக்கிக் காட்டினமே!” என்று ஒரு தாய் அழத் தொடங்கினாள். சிற்றம்பலம் அசையாமல் நின்றார். கல் வந்து விழுந்தாலும் ஏற்கச் சித்தமாய் நின்றார்.

தவமலர் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, வகுப்பறையில் கேட்கும் குரலில் கேட்டார்:

“ஐயா, நீலம் துணிக்கு உள்ளுக்கோ, வெளியிலயோ?”

“உள்ளுக்குத்தான் பிள்ளை.”

“நீங்கள் கட்டியிருக்கிற துணியின்ர வெளிப்பக்கத்தை நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறம். அது வெள்ளை.” அவர் கூட்டத்தை நோக்கித் திரும்பினார். “விளங்குதோ? உள்ளுக்கு நீலம், வெளியில வெள்ளை. அப்ப நடுவில என்ன நடந்தது? கழுவினாலும் கழுவாட்டிலும் துணி தன்ர வேலையைச் செய்துதான் இருக்குது. எட்டு நாளும் இவருக்கு ஒரு முழத்தில நிண்டு திருநீறு வாங்கினனான். என்ர கவசத்தின்ர வெளிப்பக்கம் இண்டைக்கு விடியவும் பாத்தனான், ஒரு பொட்டுச் சிவப்பில்லை. என்ர உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இவர் அண்டைக்குச் சும்மா வாயோட நிண்டிருந்தால் இண்டைக்கு நான் இதில நிக்கமாட்டன்.”

 தவமலர் மீண்டும் சிற்றம்பலத்தை நோக்கித் திரும்பினார்.

“மூண்டு வருசமா எனக்கு ஒரு கவலை ஐயா. நோய் வந்தால் ஆரைக் கோவிக்கிறது எண்டு சொல்ல நூறு பேர் இருக்கினம். வராமல் போனதுக்கு ஆருக்கு நன்றி சொல்லுறது எண்டு மட்டும் தெரியாது. நடக்காத ஒண்டைக் கண்ணால பாக்க ஏலாதெல்லோ. இண்டைக்குத்தான் பாத்தன். என்ன நிறம் எண்டும் தெரியும்.”

அவர் தொன்னையைத் தரையில் வைத்துவிட்டு, திருமுன் நோக்கிக் குவிப்பதுபோலவே சிற்றம்பலத்தை நோக்கிக் கைகுவித்தார்.

முதலில் யார் செய்தது என்று பின்னாளில் ஊரில் பெரும் வாதம் நடந்தது. அழுதுகொண்டிருந்த தாய்தான் என்பது சிற்றம்பலம் கண்டது. அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, சேலைத் தலைப்பை எடுத்துத் தன் வாயின் குறுக்கே கட்டினாள். அருகில் நின்ற ஆடவர் தோளிற் கிடந்த சால்வையை எடுத்தார். மடியில் செருகிய கவசங்கள் வெளியே வந்தன. வரிசை நெடுகிலும் வாய்கள் ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டன. எவரும் எவரையும் ஏவவில்லை. அமுதை மணியகாரரே பரிமாறினார், அவரும் வேட்டியில் கிழித்த துணியால் வாயைக் கட்டிக்கொண்டு. அந்த ஆண்டு, ‘பசியாறினியளோ’ என்ற சொல் கண்களால் மட்டுமே கேட்கப்பட்டது.

கரையோரத்தில் முன்னோரின் பழைய வள்ளக்கொட்டில் ஒன்று இருந்தது. சிற்றம்பலம் அங்கே தனித்திருந்தார். காய்ச்சல் நான்கு நாள் அவரை உலுக்கிவிட்டு இறங்கியது. நாள்தோறும் வேலிப்படலைக் கதவடியில் யாராவது சோறு கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தவர் எவரும் வாய் கட்டாமல் வரவில்லை. ஒருநாள் கதிர்காமத்தம்பி படலைக்கு அப்பால் நின்று உரக்கக் கூவினார்:

“ஐயா, நேத்து ஊர் கூடினது. நாப்பத்திரண்டாம் நாள் விடிய உங்களைக் கூட்டிக்கொண்டு போக மேளத்தோட வருவம். வேற ஆரும் பூ வைக்கிறதெண்டால் சனம் வராதாம். இன்னொண்டு, அந்தத் துணியை இப்ப ஒருத்தரும் காட்டிக்குடுப்பான் எண்டு சொல்லுறதில்லை. வாய்கட்டு எண்டுதான் சொல்லுகினம். பழைய பேரை வைச்சது நான்தான் எண்டு டொக்டரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ!”

அன்றிரவு சிற்றம்பலம் நெடுநேரம் கண்ணீர் விட்டார். தமக்குக் கிடைக்கும் என்று எண்ணியிருந்தது வேறு, கிடைத்தது வேறு.

அவர் தனித்திருந்த பதினேழாம் நாட் காலை மருத்துவர் கேதாரகௌரி வந்தார். படலைக்கு வெளியே, இருபது அடி தள்ளிக் கவசத்தோடு நின்றார். முன்பு கண்டதைவிட மெலிந்திருந்தார். சிற்றம்பலம் கொட்டிலின் வாசற்படியில் அமர்ந்திருந்தார். காற்று கடலைநோக்கி வீசிக்கொண்டிருந்தது.

“உங்களிட்டத் திருநீறு வாங்கின ஆக்களைத் தேடிப்பிடிச்சுப் பாத்தம் ஐயா,” என்றார் மருத்துவர். “உங்கட நீலத்தின்ர வழி ஒருத்தரிலயும் இல்லை. ஒருத்தரிலயும்.”

சிற்றம்பலம் கோயில் இருந்த திசைநோக்கிக் கைகூப்பினார். கூப்பிய கை இறங்கும்வரை மருத்துவர் காத்திருந்தார். இறங்கிய பின்னரும் அவர் போகவில்லை.

“எனக்கு ஆரிட்ட இருந்து வந்தது எண்டும் மெஷின் சொல்லியிருக்குமே பிள்ளை.”

“சொல்லிச்சுது.” மருத்துவர் மணலைப் பார்த்தார். “என்னட்ட இருந்துதான்.”

அலை ஒன்று வந்து திரும்பியது.

“மடத்துக்கு வந்து போன ரெண்டாம் நாள் என்ர துணி நீலமாகிட்டுது. அறைக்குள்ள போயிட்டன். அந்த ஒரு தம்ளர் தேத்தண்ணிதான் மனசில நிண்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் உங்கட துணி வெள்ளை எண்டு செய்தி வரும். தப்பிட்டார் எண்டு கும்பிட்டிட்டுப் படுப்பன்.”

“நான் கழுவின துணி.”

“ஓம். நீங்கள் கழுவின துணி.” மருத்துவர் மணலிலிருந்து கண்ணை எடுத்தார். “ஊருக்கெல்லாம் கழட்டாதேங்கோ எண்டு சொல்லித்திரிஞ்ச நான் கழட்டினனான் ஐயா. மூண்டு வருசத்தில அந்த ஒரு தரம்தான்.”

“கழட்டச் சொன்னது நான்.”

“படிச்சவள் நான்.”

“மரியாதைக்கெண்டு கழட்டினியள் பிள்ளை. எனக்குத் தெரியும். அண்டைக்கு அதைப் பாத்து எனக்குச் சந்தோசமாயும் இருந்தது.” சிற்றம்பலம் படியிலிருந்து முன்னே சாய்ந்தார். “இஞ்ச பாருங்கோ. உங்களிட்ட இருந்து வந்தது என்னோட நிண்டிட்டுது. நிப்பாட்டின துணியும் உங்கட கையால தைச்சதுதான். கோவிக்கிறதெண்டாலும் உங்களைத்தான், நன்றி சொல்லுறதெண்டாலும் உங்களுக்குத்தான். பதினேழு நாள் இருந்து யோசிச்சதில, கோவம் ஒரு இடத்திலயும் அம்பிடேல்ல.”

மருத்துவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தேத்தண்ணி குடிப்பியளோ?” என்று கேட்டார் சிற்றம்பலம்.

மருத்துவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“பயப்பிடாதேங்கோ. கழட்டச் சொல்லமாட்டன். நான் தூரப் போனபிறகு ஆறுதலாக் குடியுங்கோ.”

அவர் உள்ளே போனார். தவமலர் காலையில் வைத்துவிட்டுப் போன சுடுநீர்ப் போத்தலில் தேநீர் இருந்தது. கைகளைக் கழுவித் துடைத்தார். மூலையில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து, விரித்து, இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். முகத்தில் வைத்துப் பிடரியில் முடிந்தார். ஒருமுறை இழுத்துப் பார்த்து, இறுக்கம் போதாதென்று மீண்டும் முடிந்தார். பிறகு தம்ளரை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, தளும்பாமல், முற்றத்து மணலைக் கடந்து படலைவரை சென்றார். வேலிக்கல்லின்மேல் தம்ளரை வைத்தார்.

கட்டிய வாயோடு ஒன்றும் பேசவில்லை. மருத்துவரின் கண்களைப் பார்த்துத் தலைதாழ்த்தினார். வந்த வழியே மெல்ல விலகினார்.

கொட்டிலின் கதவுநிலை முதுகில் இடித்தபோதுதான், அத்தனை தூரமும் தாம் திரும்பாமலே வந்திருப்பதை அவர் அறிந்தார்.